உணவு முத்திரையிலிருந்து மக்கள் சபைக்கு

சூரிய ஒளித் தொழிலில் நின்று அரசியலுக்குப் போன ஒரு தமிழரின் பாதையும், காணி திரும்பும் எமது குடும்பங்களும்

நிவாரண அட்டை என்றால் என்ன என்று எமது வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. 1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் காங்கேசன்துறை, மயிலிட்டி, பலாலி, தையிட்டி, கீரிமலைப் பக்கங்களிலிருந்து கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு தெற்கு நோக்கி நடந்த குடும்பங்களுக்கு, அதன் பின்வந்த பல ஆண்டுகள் அந்த அட்டைதான் அடுப்பை எரியவைத்தது. அரிசிக்கும் மாவுக்கும் சீனிக்கும் பருப்புக்கும் சங்கக் கடை வாசலில் நாம் வரிசையில் நின்றோம். செம்மண் தோட்டத்தில் வெங்காயமும் புகையிலையும் வாழையும் செய்து நாலு பேருக்குக் கூலி கொடுத்த குடும்பங்கள் அந்த வரிசையில் தலை குனிந்து நின்றன. அந்தக் கூச்சம் இன்னும் பல வீடுகளில் பேசப்படாமலே கிடக்கிறது. பிள்ளைகளுக்குச் சொல்லாமல் மறைத்த பெற்றோரும் உண்டு.

இந்தக் கட்டுரையில் நாம் எடுத்துக்கொண்ட மனிதர் அதை மறைக்காதவர். அரசாங்கம் கொடுத்த உணவு முத்திரையிலும் அரசாங்க வீட்டிலும் தன் குடும்பம் காலம் தள்ளியதைத் தேர்தல் மேடைகளிலேயே சொல்லி வந்தவர். அவர் பெயர் ராஜா கிருஷ்ணமூர்த்தி. அமெரிக்க நாட்டின் பிரதிநிதிகள் சபைக்கு 2016, 2018, 2020, 2022, 2024 ஆகிய ஐந்து தேர்தல்களிலும் தெரிவானவர். அங்கு போவதற்கு முன் அவர் நின்ற தொழில், சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கும் ஆராய்ச்சியோடு சேர்ந்த தொழில். அந்தத் தொழிலை உருவாக்கியவர் எமது குடாநாட்டவர். ஆகவே இந்தக் கதை கடல் கடந்த கதையானாலும் எமக்கு அந்நியமான கதை அல்ல.

ஒரு குடும்பம் நொடித்த காலம்

ராஜா கிருஷ்ணமூர்த்தி 1973ஆம் ஆண்டு ஜூலை 19ஆம் திகதி புதுடில்லியில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தார். அவர் மூன்று மாதக் குழந்தையாக இருந்தபோது பெற்றோர் அமெரிக்கா சென்றனர். நியூயோர்க் மாநிலத்தின் பஃபலோ நகரில் தகப்பனார் மேற்படிப்புப் படித்தார். 1970களின் அந்த ஆண்டுகள் அமெரிக்காவிலும் பொருளாதாரம் தளர்ந்த காலம். புதிதாகப் போய் இறங்கிய குடும்பம் நொடித்தது. ஏழைகளுக்கென்று அரசாங்கம் கட்டிய வீட்டில் குடியிருந்து, உணவு முத்திரையைக் கொடுத்துப் பலசரக்கு வாங்கி அவர்கள் அந்தக் காலத்தைக் கடந்தனர்.

உணவு முத்திரை என்ற சொல் எமது மூத்த வாசகர்களுக்குப் பழக்கமானது. இலங்கையிலும் கூப்பன் அரிசிக்குப் பதிலாக 1979இல் உணவு முத்திரைத் திட்டம் வந்தது. பின்னர் 1989இல் ஜனசவிய, 1995இல் சமுர்த்தி, 2023இல் அஸ்வெசும என்று பெயர்கள் மாறின. எல்லாவற்றிலும் உள்ள எண்ணம் ஒன்றுதான்: விழுந்த குடும்பம் எழும்பும் வரைக்கும் பொதுப்பணத்தில் ஒரு கை கொடுப்பது.

அந்தக் கை கிடைத்த குடும்பம் எழும்பியது. தகப்பனாருக்கு இலினோய் மாநிலத்தின் பியோரியா நகரில், பிராட்லி பல்கலைக்கழகத்தில் பொறியியல் கற்பிக்கும் வேலை கிடைத்தது. மகன் அரசாங்கப் பாடசாலையில் படித்து, பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தில் இயந்திரப் பொறியியலும் ஹார்வர்ட்டில் சட்டமும் கற்றார். எந்திரமும் சட்டமும் ஒருவரிடமே சேர்ந்தது பிற்காலத்தில் அவருக்கு உதவியது.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த முத்திரைகள் ஒரு தலைமுறைக்கும் கொடுக்கப்படவில்லை. குடும்பம் நிமிரும் வரை சில காலம் கொடுக்கப்பட்டன. பிள்ளை பசியோடு பள்ளிக்குப் போகவில்லை; தகப்பன் படிப்பை இடையில் விட்டுக் கூலிக்கு ஓடவில்லை. நேரத்துக்குக் கிடைத்த உதவியின் பெறுமதி அதுதான்.

தோற்றவர் தொழிலுக்கு வந்தார்

சூரிய ஒளித் தொழில் செய்தவர் ஒருவர் பிறகு அரசியலுக்குப் போனார் என்று சுருக்கமாகச் சொன்னால் கதை முழுமையாகாது. கிருஷ்ணமூர்த்தி அரசியலில்தான் முதலில் கால் வைத்தார். 2000ஆம் ஆண்டில் சிக்காகோவில் பராக் ஒபாமா என்ற இளம் சட்டத்தரணி பிரதிநிதிகள் சபைக்குப் போட்டியிட்டபோது அவருக்கு வேலை செய்தார். அந்தத் தேர்தலில் ஒபாமா தோற்றார். 2004இல் ஒபாமா செனற் சபைக்குப் போட்டியிட்டபோதும் கொள்கை ஆலோசகராக உடன் நின்றார். பின்னர் இலினோய் மாநிலத்தின் பிரதித் திறைசேரி அதிகாரியாக 2007 முதல் 2009 வரை பணியாற்றினார்.

2010இல் மாநிலத்தின் கொடுப்பனவுகளைக் கண்காணிக்கும் பதவிக்குத் தாமே போட்டியிட்டார். அங்கு பொதுத்தேர்தலுக்கு முன் கட்சிக்குள்ளேயே ஒரு தேர்தல் நடக்கும். யார் வேட்பாளர் என்பதைக் கட்சித் தலைவர் தீர்மானிப்பதில்லை. கட்சி ஆதரவாளர்கள் வாக்களித்துத் தீர்மானிப்பார்கள். அந்த உட்கட்சித் தேர்தலில் கிருஷ்ணமூர்த்தி மிகச் சிறிய வித்தியாசத்தில் தோற்றார்.

தோற்ற பின்தான் அவர் தொழிலுக்கு வந்தார். சிக்காகோவுக்கு அருகே பொலிங்புறூக் என்ற ஊரில் உள்ள சிவானந்தன் ஆய்வுகூடத்துக்கும், எபிசோலர் என்ற சூரிய மின் நிறுவனத்துக்கும் தலைவரானார்.

சிவானந்தன் என்ற பெயரைக் கேட்டதும் வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். பேராசிரியர் சிவலிங்கம் சிவானந்தன் யாழ்ப்பாணக் குடாநாட்டைச் சேர்ந்தவர். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகம் படித்து, 1982இல் அமெரிக்கா சென்று, சிக்காகோவிலுள்ள இலினோய் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று அங்கேயே பேராசிரியரானவர். 2013ஆம் ஆண்டு வெள்ளை மாளிகை, குடிபெயர்ந்து வந்து புதியவற்றைக் கண்டுபிடித்தவர்கள் சிலரைக் கௌரவித்தபோது அவரும் அந்தப் பட்டியலில் இருந்தார்.

அவர் வேலை செய்யும் முறையை எளிமையாக இப்படிச் சொல்லலாம். காற்றே இல்லாத ஒரு அறையில் சில மூலகங்களை ஆவியாக்குவார்கள். அந்த ஆவி ஒரு தகட்டின் மீது அணுப்படை அணுப்படையாகப் படியும். வீட்டுக்கு வெள்ளை அடிப்பதுபோல ஒரே பூச்சாகப் பூச முடியாது. ஒவ்வொரு படையும் ஒழுங்காக இருக்க வேண்டும். கட்மியம், தெலூரியம் என்னும் இரண்டையும் சேர்த்து இப்படிப் படியவைத்தால் சூரிய ஒளியை வாங்கி மின்சாரமாக்கும் படலம் கிடைக்கும். அதனோடு இரசமும் சேர்ந்தால், கண்ணுக்குத் தெரியாத வெப்பக் கதிரை உணரும் பொருள் கிடைக்கும்.

இந்த இடத்தில் உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். வெப்பக் கதிரை உணரும் கருவி இருட்டில் பார்க்கப் பயன்படும். அதை அதிகம் வாங்குபவர்கள் படைத்துறையினர். சிவானந்தன் ஆய்வுகூடத்தின் பெயர் பெரிதும் அந்தத் துறையில் எழுந்தது. சூரிய மின்சாரம் அதன் மற்றொரு கிளை. இரவில் பறந்து வந்தவற்றுக்குப் பயந்து பதுங்கு குழியில் விடியும்வரை இருந்த எமது மக்களுக்கு இது இலேசாகக் கேட்கக்கூடிய செய்தி அல்ல. ஒரே அறிவு விளக்கையும் ஏற்றும், குறியையும் காட்டும். அது எந்தப் பக்கம் போகிறது என்பதைப் பணம் கொடுப்பவரும் சட்டம் செய்பவருமே தீர்மானிக்கிறார்கள்.

கிருஷ்ணமூர்த்தியும் சிவானந்தனும் சேர்ந்து இலாப நோக்கில்லாத பயிற்சி அமைப்பு ஒன்றையும் தொடங்கினர். நகரத்தின் ஏழைப் பகுதி மாணவர்களுக்கும் படையிலிருந்து விலகியவர்களுக்கும் சூரிய மின் தொழிலைப் பழக்குவது அதன் வேலை. பட்டம் இல்லாதவர் கையிலும் ஒரு தொழில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தின் தொடக்கத்தை இங்கே காண்கிறோம். அது பிறகு சட்டமாகவும் வந்தது.

இரண்டாம் தோல்வியும் மூன்றாம் முயற்சியும்

2012இல் கிருஷ்ணமூர்த்தி மறுபடி களத்தில் இறங்கினார். இம்முறை பிரதிநிதிகள் சபைக்கு, சிக்காகோவின் வடமேற்குப் புறநகர்களைக் கொண்ட 8ஆம் தொகுதியில் நின்றார். உட்கட்சித் தேர்தலில் எதிரே நின்றவர் ரமி டக்வேர்த். ஈராக் போரில் விமானியாக இருந்து இரு கால்களையும் இழந்தவர். அவரிடம் கிருஷ்ணமூர்த்தி பெரும் வித்தியாசத்தில் தோற்றார்.

இரண்டு தேர்தல், இரண்டு தோல்வி. அத்தோடு பலர் ஒதுங்கிவிடுவார்கள். சிலர் கட்சியைத் தூற்றுவார்கள், சிலர் வெளியேறி வேறு கட்சி தொடங்குவார்கள். அவர் ஆய்வுகூட வேலைக்குத் திரும்பினார். 2016இல் டக்வேர்த் செனற் சபைக்குப் போட்டியிட்டதால் அந்த ஆசனம் காலியானது. அதே தொகுதியில் மீண்டும் நின்று, உட்கட்சித் தேர்தலிலும் பொதுத்தேர்தலிலும் வென்றார். 2017 ஜனவரியில் சபைக்குள் போனார். முதற்கேள்விக்கும் முதல் வெற்றிக்கும் இடையில் ஆறு ஆண்டுகள்.

உள்ளே போன பின் அவர் செய்தவற்றில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுகிறோம்.

முதலாவது, தொழிற்கல்விச் சட்டம். பல்கலைக்கழகம் போகாத இளைஞருக்குத் தொழில் பழக்கும் கல்விக்கு ஆண்டுதோறும் 100 கோடி டொலருக்கு மேல் ஒதுக்கும் சட்டத்தைப் புதுப்பிக்கும் மசோதாவை, எதிர்க்கட்சியைச் சேர்ந்த கிளென் தொம்சன் என்பவரோடு சேர்ந்து கொண்டுவந்தார். 2018 ஜூலை 31ஆம் திகதி அது சட்டமானது. அப்போது ஜனாதிபதி டொனால்ட் ட்ரம்ப். கிருஷ்ணமூர்த்தி அவருக்கு எதிரான கட்சிக்காரர். ஆனாலும் காரியம் நடந்தது.

இரண்டாவது, சூரிய மின்சாரத்துக்காகச் சபை உறுப்பினர்கள் சேர்ந்த ஒரு குழு. அதையும் தனியே தொடங்கவில்லை. எதிர்க்கட்சியைச் சேர்ந்த ரால்ஃப் நோர்மன் என்பவரைக் கூட்டுச் சேர்த்தே தொடங்கினார்.

2025 மே மாதத்தில், இலினோயின் மூத்த செனற்றர் ஒருவர் ஓய்வு பெறவிருந்த நிலையில், செனற் சபைக்குப் போட்டியிடப் போவதாக கிருஷ்ணமூர்த்தி அறிவித்தார்.

மின்சாரம் ஏன் அரசியலாகிறது?

புடைவைக் கடை வைத்தவர் பாராளுமன்றம் போகாமலே வாழ்ந்துவிடலாம். சூரிய மின்சாரத் தொழில் அப்படியல்ல. ஆராய்ச்சிக்குப் பணம் அரசாங்கத்திடமிருந்து வரும். உற்பத்தியாகும் மின்சாரம் ஓடும் கம்பி அரசாங்கச் சட்டத்தின் கீழ் இருக்கும். ஒரு அலகை என்ன விலைக்கு வாங்குவது என்பதை அதிகாரிகளும் அமைச்சரவையும் தீர்மானிப்பார்கள். சூரியன் எல்லோருக்கும் பொது. சூரிய மின்சாரம் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது.

அமெரிக்காவில் அண்மையில் நடந்ததைப் பாருங்கள். 2022இல் நிறைவேறிய ஒரு சட்டத்தின்படி, வீட்டுக் கூரையில் சூரிய மின்தகடு பூட்டியவருக்குச் செலவில் 30 வீதம் வரியில் கழிக்கப்பட்டது. 2025 ஜூலையில் வேறு பெரும்பான்மை வேறொரு சட்டத்தை நிறைவேற்றியது. அதன்படி அந்தச் சலுகை 2025 டிசம்பர் 31ஓடு முடிந்தது. வெயில் குறையவில்லை, தகடு பழுதாகவில்லை. சபைக்குள் கைகளின் எண்ணிக்கை மாறியது.

இலங்கையிலும் இதே கதைதான். 2016 செப்டெம்பரில் கூரைச் சூரிய மின்சாரத் திட்டத்தை அரசாங்கம் பெரிதாகத் தொடங்கியது. வீட்டுக்காரர் கம்பிக்குள் அனுப்பும் ஒவ்வொரு அலகுக்கும் முதல் 7 ஆண்டுகள் 22 ரூபா, அடுத்த 13 ஆண்டுகள் 15 ரூபா 50 சதம் என்று விலை வைத்தது. பலர் வங்கியில் கடன் எடுத்துப் பூட்டினார்கள். பின்வந்த ஆண்டுகளில் புதிதாகச் சேருவோருக்கான விலை ஏறியும் இறங்கியும் வந்திருக்கிறது. 2025 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டு விடுமுறை வந்தபோது, தொழிற்சாலைகள் மூடி மின்தேவை குறைந்ததால், கூரைத் தகடுகளை அந்த நாட்களில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபை கேட்டுக்கொண்டது. சேமித்து வைக்கப் போதிய மின்கலங்கள் நாட்டில் இல்லாததே இதன் அடிப்படைக் காரணம்.

எமது பக்கத்தில்

மின்சாரம் அரசியல் என்பதைக் குடாநாட்டு மக்கள் புத்தகத்தில் படித்து அறியவில்லை. 1990 முதல் பல ஆண்டுகள் குடாநாடு இருட்டில் கிடந்தது. மண்ணெண்ணெய் யானை விலை விற்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் வைத்து ஏற்றிய சிக்கன விளக்கில் ஒரு தலைமுறை சாதாரண தரம் படித்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டோம். மின்சாரத்தை யார் திறப்பது, யார் அடைப்பது என்பதில் எமக்குச் சொல் இருக்கவில்லை.

காங்கேசன்துறைக்கு இன்னொரு நினைவும் உண்டு. 1950இல் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, கைத்தொழில் அமைச்சராக இருந்த ஜீ. ஜீ. பொன்னம்பலத்தின் காலத்து வேலை. நாற்பது ஆண்டுகள் அது பல குடும்பங்களுக்குச் சோறு போட்டது, 1990இல் நின்றது. ஊரவருக்கு வேலையைத் தந்த அதே தொழில், சுண்ணாம்புக் கல் தோண்டிய பெரும் குழிகளையும் ஊரிலே விட்டுச் சென்றது. நன்மையும் தீமையும் ஒரே வாசலால் வந்தன.

போர் முடிந்த பின்னரும் அதே பாடம் தொடர்ந்தது. சுன்னாகத்தில் எண்ணெயில் ஓடிய மின் நிலையத்தைச் சுற்றியுள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் மின் உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்ட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அந்த வழக்கைப் பொதுநலன் கருதித் தொடுத்தவர்கள் இல்லாவிட்டால் அந்தத் தீர்ப்பும் இல்லை.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்று தீவுகளுக்கும் காற்றும் வெயிலும் சேர்ந்த மின் திட்டம் ஒன்று 2021 ஜனவரியில் ஒரு சீன நிறுவனத்துக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியா எதிர்த்தது. 2021 முடிவில் அது நிறுத்தப்பட்டது. பின்னர் 2024 மார்ச்சில் இந்தியாவின் 1 கோடியே 10 இலட்சம் டொலர் நன்கொடையில் ஒரு இந்திய நிறுவனத்தோடு ஒப்பந்தம் எழுதப்பட்டது. இரண்டு பெரிய நாடுகள் இழுபறிப்பட்ட மூன்று ஆண்டுகளும் தீவு மக்கள் டீசல் இயந்திரத்தின் சத்தத்தோடு காத்திருந்தனர்.

மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க 2022இல் முன்வந்த அதானி குழுமம், விலை பற்றிய பேச்சு இழுபட்ட நிலையில் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் மன்னார்த் தீவு மக்கள் புதிய காற்றாலைகளுக்கு எதிராகத் தொடர்ந்து போராடினார்கள். காற்று அவர்களுக்குப் பகையல்ல. வெள்ளம் வடியும் வழி அடைபடுகிறது, மீன்பிடி பாதிக்கப்படுகிறது, எம்மைக் கேட்காமல் முடிவெடுக்கிறார்கள் என்பதே அவர்களது முறைப்பாடு.

சுத்தமான மின்சாரம் என்றதும் அதில் குற்றமே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. புகை இல்லாத மின்சாரமும் ஒருவருடைய காணியில்தான் நிற்கும்.

கற்க வேண்டியதும் பின்பற்ற முடியாததும்

கிருஷ்ணமூர்த்தியின் பாதை அப்படியே எமக்குப் பொருந்தாது. பிரின்ஸ்ரனும் ஹார்வர்ட்டும் எல்லார் வீட்டுப் பிள்ளைக்கும் கிடைப்பதில்லை. அமெரிக்கத் தேர்தல் கோடிக்கணக்கில் பணம் திரட்டும் தேர்தல்; அவர் அதிலும் கெட்டிக்காரர் என்று பெயர் எடுத்தவர். பணம் கொடுத்தவர்கள் பிறகு என்ன கேட்பார்கள் என்பது எந்த நாட்டிலும் வாக்காளன் கேட்க வேண்டிய கேள்வி. தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் என்பதற்காக அவர் எமது பிரச்சினையைச் சுமப்பார் என்று எதிர்பார்ப்பதும் முறையல்ல. இலினோயின் 8ஆம் தொகுதி மக்களுக்கே அவர் பதில் சொல்ல வேண்டியவர்.

ஆனால் அவரிடம் எடுத்துக்கொள்ளக்கூடியவை மூன்று உண்டு.

ஒன்று, வாங்கிய உதவியை மறக்காமலும் மறைக்காமலும் இருந்தது. உணவு முத்திரையை அவர் வெட்கமாகச் சொல்லவில்லை, கடனாகச் சொன்னார். நாட்டு மக்களின் பணத்தில் நான் வளர்ந்தேன், ஆகவே அடுத்தவன் விழும்போது கை கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன் என்பதே அவரது பேச்சின் சாரம். எமது பிள்ளைகளும் இதை அறிய வேண்டும். சங்கக் கடை வரிசையில் நின்ற தாயும் தகப்பனும் தோற்றவர்கள் அல்லர். பிள்ளையைக் காப்பாற்றியவர்கள்.

இரண்டு, பேச்சுக்கு முன் தொழில். ஒரு துறையின் உள்ளும் புறமும் தெரிந்த பிறகு சட்டம் செய்யப் போனார். மின்சாரத்தைப் பற்றிச் சட்டம் செய்யும் இடத்தில் மின்சாரம் தெரிந்தவரும், கமத்தைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் கமம் செய்தவரும் இருக்க வேண்டும். எமது பிரதேச சபைகளில் தோட்டக்காரர் எத்தனை பேர்? மீள்குடியேறிய பெண்கள் எத்தனை பேர்?

மூன்று, தோல்விக்குப் பிறகும் வேலை. இரண்டு முறை தோற்றவர் அந்த ஆண்டுகளை வீணாக்கவில்லை.

காணிக்குத் திரும்பும் குடும்பங்களுக்கு

வலிகாமம் வடக்கில் 2015ஆம் ஆண்டு முதல் காணிகள் கட்டம் கட்டமாக விடப்பட்டு வருகின்றன. இன்னும் விடப்படாத காணிகளும் உண்டு. திரும்பியவர்கள் பற்றை வெட்டி, இடிந்த கிணற்றை இறைத்து, பழைய எல்லையைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு நடுவிலேயே மின்சாரத்தைப் பற்றிய முடிவுகளும் வரும். அப்போது நினைவில் வைக்கச் சிலவற்றைச் சொல்கிறோம்.

சூரிய ஒளியில் ஓடும் நீர்ப்பம்பி மண்ணெண்ணெய்ச் செலவை இல்லாமல் செய்யும். ஆனால் எமது குடாநாட்டில் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி உவர்நீரின் மேல் மிதக்கிறது. எண்ணெய்ச் செலவு இருந்த காலத்தில் கமக்காரன் அளந்து இறைத்தான். செலவில்லை என்று காலை முதல் மாலை வரை இறைத்தால், கடலுக்குக் கிட்டிய காங்கேசன்துறைக் கிணறுகள்தான் முதலில் உவராகும். பம்பி பூட்டும்போதே எத்தனை மணி நேரம் இறைப்பது என்பதை அயலவர் கூடிப் பேசி வைக்க வேண்டும்.

கூரைத் தகட்டுக்குக் கடன் எடுப்பவர்கள், அலகுக்கு என்ன விலை, எத்தனை ஆண்டுக்கு, விலை மாறினால் யார் பொறுப்பு என்பதை எழுத்தில் பார்க்க வேண்டும். விற்பவர் வாயால் சொல்வதை நம்பிக் கையெழுத்து வைக்கக் கூடாது.

காணியைக் குத்தகைக்குக் கேட்டு யாராவது வந்தால் தனியே முடிவெடுக்காதீர்கள். உறுதி யார் பெயரில் இருக்கிறது, வெளிநாட்டிலுள்ள சகோதரங்களின் பங்கு என்ன, குத்தகை முடிந்ததும் தூணையும் சீமெந்தையும் அகற்றுவது யார் என்று கேளுங்கள். இருபத்தைந்து ஆண்டுகள் காணியைப் பார்க்காமல் இருந்தவர்களுக்கு, மேலும் இருபது ஆண்டுகள் என்பது எவ்வளவு நீளம் என்று தெரியும்.

தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவரிடம் வீதியையும் வேலையையும் மட்டும் கேட்காமல் இவற்றையும் கேளுங்கள். மின்சாரம், தண்ணீர், காணி ஆகிய மூன்றைப் பற்றியும் உமக்கு என்ன தெரியும் என்று கேளுங்கள். எங்கே தொழில் பழகினீர் என்று கேளுங்கள். எம்மைக் கேட்காமல் முடிவெடுக்க மாட்டேன் என்று ஊரார் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள்.

கமக்காரர் அமைப்பிலும் மாதர் சங்கத்திலும் அடுத்த கூட்டத்தில் பேசுவதற்கு நான்கு கேள்விகளை இங்கே தருகிறோம்.

1. எமது குடும்பம் பெற்ற நிவாரணத்தைப் பற்றிப் பிள்ளைகளிடம் எப்போதாவது பேசியிருக்கிறோமா? பேசவில்லையென்றால் ஏன்?

2. எமது கிராமத்தில் சூரிய மின்சாரம் பூட்டவும் திருத்தவும் தெரிந்த இளைஞர்கள், யுவதிகள் எத்தனை பேர்? அவர்களைப் பழக்க யாரை அணுகலாம்?

3. எமது கிணறுகளில் இப்போது நல்ல தண்ணீர் எவை, உவர் எவை? ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோமா?

4. அடுத்த பிரதேச சபைத் தேர்தலில் எம்மிடையே தோட்டம் செய்யும் ஒருவரை நிறுத்தலாமா? ஒருமுறை தோற்றால் மறுமுறையும் அவரோடு நிற்க நாம் தயாரா?

நான்காவது கேள்விக்கு அவசரமாக விடை சொல்லத் தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்வியைக் கூட்டக் குறிப்பில் எழுதி, அடுத்த கூட்டத்திலும் எடுங்கள்.